கண்டெடுத்ததைப் பகிர்தல்: வரைகலை நிலையங்களின் வாரப் பழக்கம்



வரைகலை வடிவமைப்பு நிலையங்கள் பலவற்றில் ஒரு பழக்கம் உண்டு. வாரத்தில் ஒருநாள், அந்த வாரம் கண்ணில் பட்டவற்றுள் மனதைப் பிடித்து நிறுத்திய சிலவற்றை எடுத்து, கூட வேலை செய்கிறவர்களுக்குக் காட்டுவார்கள். அது ஒரு பழைய தீப்பெட்டிப் படமாக இருக்கலாம். எங்கோ ஒரு தெருவில் கையால் எழுதிய பெயர்ப்பலகையாக இருக்கலாம். ஒரு நாணயம், ஒரு வரைபடம், ஒரு விதை உறை, ஒரு விளையாட்டுப் பொருள், எதுவாகவும் இருக்கலாம். காட்டுவதோடு ஏன் பிடித்தது என்று இரண்டு வரி சொல்வார்கள். சில நிலையங்கள் அதை அச்சிட்டும் மின்வழியாகவும் வெளியாருக்கும் அனுப்பிவைக்கின்றன.

பார்ப்பதற்குச் சிறிய காரியம்தான். ஆனால் இந்தச் சிறிய காரியம் எங்கிருந்து வந்தது? எதற்காக அதைச் செய்தார்கள்? எப்படிச் செய்தால் பயன் தருகிறது? எங்கே அது தடம் மாறிப்போகிறது? இந்த நான்கு கேள்விகளே இன்றைய உரையின் பொருள்.

முதலில் தேவையைப் பார்க்கலாம். கவிஞன் கவிதை வரும்வரை காத்திருக்கலாம். வடிவமைப்பாளர் காத்திருக்க முடியாது. வாடிக்கையாளர் திங்கட்கிழமை லோகோ கேட்கிறார். புதன்கிழமை அட்டைப்படம் கேட்கிறார். வெள்ளிக்கிழமை மெஷின் ஓடவேண்டும். யோசனை தானாக வரும் என்று உட்கார்ந்திருப்பவரால் இந்தத் தொழிலில் நிற்க முடியாது. எனவே யோசனைக்கு வேண்டிய சரக்கை முன்கூட்டியே சேர்த்துவைக்க வேண்டியிருக்கிறது. தனியொருவர் சேர்த்தால் அது அவர் மேசை இழுப்பறையோடு நின்றுவிடும். நான்கு பேர் சேர்த்து நான்கு பேருக்கும் காட்டினால் அது நிலையத்தின் சொத்தாகிறது. வாரப் பகிர்வின் அடிப்படை இதுதான்.

இதற்கு ஒரு நல்ல தொடக்கம் 1953ஆம் ஆண்டு நியூயார்க்கில் கிடைக்கிறது. கூப்பர் யூனியன் கல்லூரியில் ஒன்றாகப் படித்த இளைஞர்கள் சிலர்: செமோர் குவாஸ்ட், எட்வர்ட் சோரெல், ரெனால்ட் ரஃபின்ஸ். படம் வரைவதில் தேர்ந்தவர்கள். வேலை தருவார் குறைவு. தங்கள் திறமையை விளம்பர நிறுவனங்களின் ஆர்ட் டைரக்டர்களுக்கு எப்படிக் காட்டுவது? மாதிரிப் படங்களைக் கத்தையாக்கி அனுப்பினால் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. எனவே அவர்கள் வேறு வழி கண்டார்கள். அமெரிக்கக் குடியானவர்கள் வீடுகளில் தொங்கும் பஞ்சாங்கம் போன்ற ஆண்டுக் குறிப்பேட்டை மாதிரியாக எடுத்துக்கொண்டு, ஒரு சிறு புத்தகம் போட்டார்கள். பெயர் புஷ் பின் ஆல்மனாக். வரைகலைத் துறையினருக்கு வேண்டிய செய்திகளில் சுவையான துணுக்குகளைப் பொறுக்கித் தருவது என்பதே அது தனக்குத் தானே சொல்லிக்கொண்ட நோக்கம்.

அந்தப் புத்தகத்தில் என்ன இருந்தது? பழைய காலத்துச் செய்திகள், நாட்குறிப்புகள், வேடிக்கையான தகவல்கள், அவற்றுக்கு இவர்கள் வரைந்த படங்கள். எங்களுக்கு வேலை கொடுங்கள் என்று அது கேட்கவில்லை. இது எங்களுக்குச் சுவையாக இருந்தது, உங்களுக்கும் இருக்கும் என்று மட்டுமே சொன்னது. ஆனால் பார்த்தவர்கள் படத்தையும் பார்த்தார்கள், அந்தப் படத்துக்குப் பின்னால் இருந்த கண்ணையும் பார்த்தார்கள். வேலை தேடிவந்தது. 1954இல் அவர்கள் ஒரு நிலையம் தொடங்கியபோது, இத்தாலியில் போலோஞா நகரத்தில் ஓவியர் ஜோர்ஜியோ மொராண்டியிடம் செதுக்கு அச்சுக் கற்றுத் திரும்பியிருந்த மில்டன் கிளேசரும் சேர்ந்துகொண்டார். அந்தக் கையேட்டின் பெயரையே நிலையத்துக்கும் வைத்தார்கள்: புஷ் பின் ஸ்டூடியோஸ். பகிர்வு முதலில் பிறந்தது. நிலையம் அதன் பிறகு பிறந்தது. இந்த வரிசையை மறந்துவிடக் கூடாது.

1957இல் ஆல்மனாக்கின் இடத்தில் மன்த்லி கிராஃபிக் என்ற வெளியீடு வந்தது. செய்தித்தாள் போன்ற பெரிய தாளில் தொடங்கியது. மாதந்தோறும் கொண்டுவர முடியவில்லை. பின்னாளில் பெயரில் இருந்த மாதமும் நீங்கி, புஷ் பின் கிராஃபிக் என்றே நிலைத்தது. 1980 வரை மொத்தம் 86 இதழ்கள். ஒவ்வொரு இதழுக்கும் ஒரு பொருள். அந்தப் பொருளைச் சுற்றித் தேடியவை, கண்டவை, வரைந்தவை எல்லாம் அதில் இருக்கும். சில இதழ்கள் வெறும் வேடிக்கை. சில இதழ்கள் அப்படியல்ல. 1969இல் அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களைப் பற்றி ஓர் இதழ் வந்தது. பழைய தெற்கின் இனிமையான காட்சிகளோடு, குடிமை உரிமைப் போராட்டத்தில் கொலையுண்டவர்களின் முகங்களும் அதில் இருந்தன. தாளையே துளைத்துக்கொண்டு ஒரு குண்டுத் துளை போயிற்று. டை கட்டிங் என்று அச்சகத்தில் தினமும் செய்கிற வேலைதான். அந்த வேலை அங்கே ஒரு நாட்டின் மீது சாட்டிய குற்றமாக மாறியது.

இந்த நிலையம் எந்தக் காலத்தில் இதைச் செய்தது என்பதையும் நினைக்க வேண்டும். 1950களில் ஐரோப்பாவில் இருந்து, குறிப்பாகச் சுவிட்சர்லாந்தில் இருந்து, கட்டம் போட்டு அடுக்கும் வடிவமைப்பு உலகெங்கும் பரவிக்கொண்டிருந்தது. ஹெல்வெட்டிகா எழுத்துரு பிறந்ததும் 1957இல்தான். அலங்காரம் வேண்டாம், பழமை வேண்டாம், படத்தைவிடப் புகைப்படம் மேல் என்பது அன்றைய நாகரிகம். புஷ் பின் எதிர்த்திசையில் நடந்தது. விக்டோரியா காலத்து மர எழுத்துகள், ஜெர்மானிய மரச்செதுக்கு, ஆர்ட் நூவோ கொடிகள், ஆர்ட் டெக்கோ வடிவங்கள், சித்திரக்கதை என்று துறை தூக்கி எறிந்தவற்றை எல்லாம் அது பொறுக்கி எடுத்தது. 1970இல் பாரிசின் அலங்காரக் கலை அருங்காட்சியகம் இவர்களுடைய வேலைகளுக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கியது எங்கிருந்து எங்கே போய்ச் சேர்ந்தது, பாருங்கள்!

கண்டெடுத்த பொருள் ஒன்று எப்படி வேலையாக மாறுகிறது? கிளேசரின் ஒரே ஒரு போஸ்டரைப் பிரித்துப் பார்த்தால் விடை தெரியும். 1967இல் வெளிவந்த பாப் டிலன் பாடல் தொகுப்பின் உறைக்குள் மடித்துவைத்த போஸ்டர் அது. பக்கவாட்டு முகம் முழுக் கறுப்பு; தலைமுடி மட்டும் பல வண்ணங்களில் சுருண்டு சுருண்டு பொங்கும். கறுப்பு முகம் எங்கிருந்து வந்தது? மார்செல் டூஷாம் தம் பக்கவாட்டு முகத்தையே நிழலுருவாக்கி 1950களில் செய்த தற்படத்தில் இருந்து. வண்ணச் சுருள்கள்? இஸ்லாமிய ஓவிய மரபின் வளைகோடுகளில் இருந்து. கீழே டிலன் என்று எழுதியிருக்கும் விசித்திரமான எழுத்து? மெக்சிகோ நகரத்தில் ஒரு தையற்காரர் கடைக்குக் கையால் எழுதியிருந்த விளம்பரத்தில் இருந்து. அந்தப் பலகையில் ஓர் எழுத்தின் வடிவம் கிளேசரைப் பிடித்து நிறுத்தியது. முறையாக எழுத்து வரையக் கற்றவர் எவரும் அப்படி வரைந்திருக்க மாட்டார். அதையே வளர்த்து முழு எழுத்துருவாக்கி, பேபி டீத் என்று பெயரிட்டார்.

ஒரு பிரெஞ்சுக் கலைஞர், ஒரு கிழக்கத்திய ஓவிய மரபு, ஒரு மெக்சிகோ தையற்காரர். இந்த மூன்றையும் இதற்கு முன் எவரும் ஒரே தாளில் வைத்துப் பார்த்ததில்லை. தனித்தனியாக எதுவும் கிளேசருடையது அல்ல. சேர்க்கை மட்டும்தான் அவருடையது. ஆனால் அந்தச் சேர்க்கைதான் புதிது. லட்சக்கணக்கான வீடுகளின் சுவரில் ஏறியதும் அதுதான்.

அடுத்த எடுத்துக்காட்டுக்கு அட்லாண்டிக் கடலைத் தாண்டி லண்டனுக்குப் போகலாம். அங்கே ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்ற வடிவமைப்பாளர் 1949 முதல் 1967 வரை டைப்போகிராஃபிக்கா என்ற இதழை நடத்தினார். மொத்தம் 32 இதழ்கள். அச்செழுத்தைப் பற்றிய இதழ் என்றாலும் அச்சகத்துக்குள் மட்டும் அது அடைந்து கிடக்கவில்லை. 1961இல் ராபர்ட் பிரவுன்ஜான் என்ற அமெரிக்க வடிவமைப்பாளரின் புகைப்படத் தொகுப்பொன்றை வெளியிட்டது. அவர் ஒரே நாளில் லண்டன் தெருக்களைச் சுற்றிவந்து எடுத்த படங்கள் அவை. எழுத்து உதிர்ந்த கடைப்பலகைகள், பாதி பெயர்ந்த விளம்பரங்கள், மழையும் வெயிலும் தின்ற சுவரெழுத்துகள். அழகான எழுத்தை அவர் தேடவில்லை. காலமும் விபத்தும் எழுத்தை என்ன செய்கின்றன என்று பார்த்தார். எழுத்து எதன்மேல் விழுகிறது, விழுந்த இடத்தில் என்ன ஆகிறது என்ற இந்தக் கவனம் அவரை விட்டுப் போகவில்லை. 1964இல் கோல்ட்ஃபிங்கர் படத்தின் தலைப்புக் காட்சிகளை அமைத்தபோது, பொன்பூசிய பெண்ணுடலைத் திரையாக்கி அதன்மேல் படக்காட்சிகளை விழவைத்தார்.

இதில் பாடம் என்ன? கண்டெடுப்பதற்கு ஊர் ஊராகப் போக வேண்டியதில்லை. பணமும் வேண்டியதில்லை. ஒரு பகல் பொழுதும், நின்று பார்க்கும் பழக்கமும் போதும்.

மூன்றாவது எடுத்துக்காட்டு கலிபோர்னியாவில் இருக்கிறது. ஆனால் அதன் ஒரு கிளை இந்தியாவரை நீள்கிறது. சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் நாற்காலி வடிவமைப்பால் புகழ்பெற்றவர்கள். 1949இல் கட்டிய அவர்கள் வீடு சிப்பிகளும் பொம்மைகளும் கூடைகளும் துணிகளுமாக நிறைந்திருந்தது. சேர்த்ததை அவர்கள் பூட்டிவைக்கவில்லை. பொம்மை ரயில்களைச் சேர்த்தார்கள். 1957இல் அவற்றைவைத்து ஒரு குறும்படம் எடுத்தார்கள். பம்பரங்களைச் சேர்த்தார்கள்; 1969இல் பல நாட்டுப் பம்பரங்கள் சுழன்று, தள்ளாடி, விழுவதை மட்டுமே காட்டும் ஒரு படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் பேச்சே கிடையாது. சுழற்சி, சமநிலை, பொருளின் எடை என்று இயற்பியல் வகுப்பில் சொல்லிப் புரியவைக்கப் பாடுபடும் விஷயங்களைப் பம்பரமே சொல்லிவிடுகிறது.

இந்திய அரசின் அழைப்பில் அவர்கள் இந்த நாட்டைச் சுற்றிப் பார்த்து, 1958இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். நாட்டில் பார்த்த பொருட்களிலேயே மிகச் சிறந்தது எது என்று அந்த அறிக்கை கேட்கிறது. பெரிய கோபுரத்தைச் சொல்லவில்லை. பட்டுப் புடவையைச் சொல்லவில்லை. வடக்கில் லோட்டா என்று வழங்கும் செம்பைச் சொன்னார்கள். ஆம், தண்ணீர்ச் செம்புதான்! அதை ஒருவர் புதிதாக வடிவமைக்க நினைத்தால் என்னவெல்லாம் யோசிக்க வேண்டும் என்று ஒரு பெரிய பட்டியலே போட்டார்கள். எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், எப்படிப்பட்ட கை அதைத் தூக்கும், தலையில் சுமப்பதா, இடுப்பில் சுமப்பதா, ஊற்றும்போது எப்படிச் சாய வேண்டும், உள்ளே கைவிட்டுத் துலக்க முடியுமா, விலை என்ன, பிடிக்கும்போது கைக்கு எப்படி இருக்கும், தட்டினால் என்ன ஓசை வரும், ஒருவருக்குக் கொடுத்தால் மகிழ்வாரா, பழசானால் உலோகத்துக்கு என்ன விலை கிடைக்கும். இத்தனைக்கும் விடையாக நிற்கும் அந்தப் பாத்திரத்தை எந்தத் தனி மனிதரும் வடிவமைத்திருக்க முடியாது, பல தலைமுறைகளின் கைகள் சேர்ந்துதான் செதுக்கின என்பது அவர்கள் முடிவு. அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது.

செம்பு புதிய பொருளா? இல்லை. கோடிக்கணக்கான பேர் தினமும் கையில் எடுத்த பொருள். எடுத்தவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்க்கவில்லை. இருவர் நின்று பார்த்தார்கள், பார்த்ததைப் பட்டியலிட்டார்கள், பட்டியலிட்டதை மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள். பார்த்தல், பட்டியலிடல், கொடுத்தல். வாரப் பகிர்வின் மூன்று படிகளும் இந்த ஒரு செம்புக்குள் அடங்கியிருக்கின்றன.

நான்காவதாக, இந்தப் பழக்கத்தை ஓர் ஒழுங்கான ஏற்பாடாக்கிய நிலையம் ஒன்று உண்டு. 1972இல் லண்டனில் ஐந்து பேர் கூட்டாகத் தொடங்கிய பென்டகிராம். 1975 முதல் இந்த நிலையம் பென்டகிராம் பேப்பர்ஸ் என்ற சிறு நூல்களை வெளியிட்டு வாடிக்கையாளர்களுக்கும் நண்பர்களுக்கும் அனுப்பியது. இதைத் தொடங்கி நடத்தியவர் ஜான் மெக்கானல். கறுப்பு அட்டை, கைக்கடக்கமான அளவு. உள்ளே நிலையத்தின் வேலைகளைப் பற்றிய தம்பட்டம் கிடையாது. ஒரு நூல் சீனத்தில் மக்கள் சட்டையில் குத்திக்கொண்ட மாவோ பட்டன்களைப் பற்றியது. இன்னொன்று ஆஸ்திரேலிய நாட்டுப்புறத்தார் பழைய டப்பாவையும் இரும்பையும் கொண்டு தாமே செய்துகொண்ட தபால் பெட்டிகளைப் பற்றியது. மாவோ பட்டனால் ஒரு லண்டன் நிலையத்துக்கு என்ன லாபம்? நேரடியாக ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நூலைக் கையில் வாங்கிய வாடிக்கையாளர், இவர்கள் மற்றவர் பார்க்காததைப் பார்க்கிறவர்கள் என்று அறிந்துகொண்டார். எந்த விளம்பரத்தாலும் அந்த அறிவைக் கொடுத்திருக்க முடியாது.

அந்த ஐவரில் ஒருவரான ஆலன் ஃபிளெட்சர், வாழ்நாள் முழுதும் சேர்த்த மேற்கோள்கள், படங்கள், புதிர்கள், வேடிக்கைகள் ஆகியவற்றைத் தொகுத்து 2001இல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய ஒரு பெரிய நூலாக்கினார். பக்கவாட்டில் பார்க்கும் கலை என்பது அதன் தலைப்பின் பொருள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் லோகோ இவர் செய்தது, ஆண்டு 1989. ஏ என்ற ஆங்கில எழுத்தின் பாதியையே எடுத்துவிட்டார். பக்கத்தில் இருக்கும் & என்ற உம்மைக் குறியின் ஒரு நுனியே அந்த எழுத்தின் குறுக்குக் கோடாக நின்று, இல்லாத பாதியைக் கண்ணுக்குக் காட்டிவிடுகிறது. இப்படி எடுத்துவிடும் துணிச்சல் எங்கிருந்து வரும்? ஆயிரம் புதிர்களைச் சேர்த்து அவிழ்த்துப் பார்த்த கண்ணுக்குத்தான் வரும்.

இனி நம் காலத்துக்கு வரலாம். 2006இல் அமெரிக்காவில் மரியா பப்போவா என்ற இளம்பெண் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தார். அலுவலகத்தில் ஊக்கத்துக்காக ஒருவருக்கொருவர் படங்களை அனுப்பிக்கொள்வார்கள். ஒன்றை அவர் கவனித்தார். அனுப்பியவை எல்லாம் விளம்பரத் துறைக்குள்ளேயே இருந்து வந்தவை. விளம்பரத்தைப் பார்த்து விளம்பரம் செய்தால் எங்கே போய் முடியும்? எனவே விளம்பரத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஐந்து பொருட்களை எடுத்து, ஒவ்வொரு வாரமும் உடன் பணியாற்றிய 7 பேருக்கு அனுப்பத் தொடங்கினார். அறிவியல், வரலாறு, தத்துவம், பழைய ஓவியம், குழந்தைகள் நூல் என்று எல்லாம் அதில் இருந்தன. பிரெய்ன் பிக்கிங்ஸ் என்ற பெயரில் உலகம் முழுதும் அது வாசகர்களைப் பெற்றது. 2012இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் நிரந்தர இணையக் காப்பகத்தில் அதைச் சேர்த்துக்கொண்டது.

ஏழு பேர், ஐந்து பொருள், வாரம் ஒருமுறை. தொடக்கம் அவ்வளவுதான். ஆனால் அந்தத் தொடக்கத்தில் ஒரு விதி இருந்தது: நம் துறைக்கு வெளியே பார். புஷ் பின் பஞ்சாங்கத்தைப் பார்த்தது. ஈம்ஸ் தம்பதியர் செம்பையும் பம்பரத்தையும் பார்த்தார்கள். பென்டகிராம் நாட்டுப்புறத் தபால் பெட்டியைப் பார்த்தது. இவர்களில் எவரும் வடிவமைப்பாளர் செய்த வடிவமைப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

சரி, இதை ஒரு நிலையத்தில் நடைமுறைப்படுத்துவது எப்படி? ஐந்து படிகளாகச் சொல்லலாம். முதற்படி, சேர்த்தல். இது வாரம் முழுதும் நடக்க வேண்டியது. சேர்க்கும்போது நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. கண் நின்றால் எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். இயலுமானால் அசல் பொருளையே எடுத்துவர வேண்டும். தாளின் தடிமன், மையின் வாடை, மடிப்பு, பின்பக்கம் ஆகியவை திரையில் தெரிவதில்லை. மாத்திரை அட்டையோ, பேருந்துச் சீட்டோ, அச்சகத்தில் கழித்துப்போட்ட வேஸ்ட் ஷீட்டோ, கைக்கு வந்தால் அதற்குத் தனிப் பாடம் உண்டு.

இரண்டாம் படி, தேர்ந்தெடுத்தல். சேர்த்தது ஐம்பது என்றால் காட்டுவது ஐந்தாக இருக்க வேண்டும். இங்கேதான் கண் கூர்மையாகிறது. இது ஏன், அது ஏன் இல்லை என்று தனக்குத் தானே விடை சொல்லிக்கொள்ளும்போதுதான் ரசனை உருவாகிறது. எல்லாவற்றையும் கொட்டிக் காட்டுகிறவர் எதையும் காட்டவில்லை.

மூன்றாம் படி, குறிப்பெழுதுதல். இது என்ன, யார் செய்தது, எப்போது, எங்கே, எந்த முறையில் அச்சிட்டது, இதில் கவனிக்க வேண்டியது எது என்று சில வரிகள் எழுத வேண்டும். அழகாக இருக்கிறது என்பது குறிப்பு ஆகாது. இரண்டே நிறத்தில் அச்சிட்டு, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் மூன்றாம் நிறத்தை வரவழைத்திருக்கிறார்கள் என்பது குறிப்பு. முதலாவது பாராட்டு, இரண்டாவது பாடம். பாராட்டை நாளை மறந்துவிடலாம். பாடத்தை நாளை வேலையில் பயன்படுத்தலாம்.

நான்காம் படி, குறித்த நாளில் காட்டுதல். நாள் முக்கியம். முடிந்தபோது காட்டலாம் என்றால் ஒருபோதும் முடியாது. புஷ் பின் மாதம் என்று பெயர் வைத்தும் மாதந்தோறும் கொண்டுவர முடியாமல் போனதை இங்கே நினைக்கலாம். ஆனாலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் விடாமல் கொண்டுவந்தது என்பதையும் நினைக்க வேண்டும். வாரப் பகிர்வில் மூத்தவர் மட்டும் பேசக் கூடாது. நேற்று வேலையில் சேர்ந்தவருக்கும் முறை வர வேண்டும். அவர் எடுத்துவரும் பொருளில் இருந்து அவர் எப்படிப் பார்க்கிறார் என்பது தெரிந்துவிடும். மாதிரி வேலைகளின் கோப்பு அவ்வளவு தெளிவாக அதைச் சொல்லாது.

ஐந்தாம் படி, அடுக்கிவைத்தல். காட்டி முடித்ததைத் தேதியோடும் குறிப்போடும் பெட்டியிலோ கோப்பிலோ அடுக்கிவைக்க வேண்டும். இன்று காட்டிய பொருள் இன்றைய வேலைக்கு உதவாமல் போகலாம். மெக்சிகோ தையற்காரரின் பலகை பாப் டிலனுக்காகக் கண்டெடுத்தது அல்ல. எப்போது எதற்கு உதவும் என்று சொல்ல முடியாததால்தான் அடுக்கிவைக்க வேண்டியிருக்கிறது.

பயன் இருப்பது போலவே இந்தப் பழக்கத்துக்குச் சில ஆபத்துகளும் உண்டு. அவற்றையும் சொல்லாவிட்டால் இந்த உரை பாதிதான்.

முதல் ஆபத்து, எல்லோரும் ஒரே கிணற்றில் இறைப்பது. 2010இல் வந்த பின்டரெஸ்ட் போன்ற சேவைகளில் ஒரு படத்தைப் பார்த்தால் அதுபோன்ற நூறு படங்களை அதுவே எடுத்துக் கொடுக்கிறது. தேடும் வேலை மிச்சம். ஆனால் சென்னையில் இருப்பவருக்கும் சிகாகோவில் இருப்பவருக்கும் அதே நூறு படங்கள் கிடைக்கின்றன. அதே உணவகப் பலகை, அதே அட்டைப்படம், அதே நிறக் கூட்டு எங்கும் வருகின்றன. தேடியது மனிதரா இயந்திரமா என்பதல்ல இங்கே கேள்வி. தேடும்போது எதிர்பாராதது கிடைக்க இடமிருந்ததா என்பதே கேள்வி. பார்த்தது போன்றதையே மறுபடி காட்டும் ஏற்பாட்டில் தையற்காரர் கடைப்பலகை ஒருபோதும் குறுக்கே வராது.

இரண்டாம் ஆபத்து, பார்த்ததை அப்படியே எடுத்துவிடுவது. ஊக்கத்துக்கும் நகலுக்கும் எல்லை எங்கே? அமெரிக்க வடிவமைப்பாளர் டிபோர் கால்மன், வேறு இருவரோடு சேர்ந்து 1991இல் எழுதிய கட்டுரை இந்தக் கேள்வியைக் கடுமையாகவே எழுப்பியது. பழைய பாணிகளை அவை பிறந்த காலத்தில் இருந்தும் கருத்தில் இருந்தும் பிய்த்தெடுத்து, வெறும் அலங்காரமாக ஒட்டுவதை அது சாடியது. ஒரு ரஷ்யப் புரட்சிப் போஸ்டரின் சிவப்பு முக்கோணத்தைச் சோப்பு விளம்பரத்துக்கு எடுப்பவருக்கு அந்த முக்கோணம் ஏன் பிறந்தது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதே அந்த வாதத்தின் சாரம். வடிவத்தை எடுப்பவர் காரணத்தையும் எடுக்க வேண்டும். அதனால்தான் மூன்றாம் படியான குறிப்பெழுதுதல் அவ்வளவு முக்கியம். யார், எப்போது, ஏன் என்று எழுதிய கை, கண்ணை மூடிக்கொண்டு நகலெடுக்கத் தயங்கும்.

மூன்றாம் ஆபத்து, பெயரை விழுங்குவது. 1980களில் வடிவமைப்பாளர் பாலா ஷெர் ஸ்வாட்ச் கைக்கடிகாரத்துக்கு ஒரு போஸ்டர் செய்தார். 1930களில் ஹெர்பர்ட் மேட்டர் சுவிஸ் சுற்றுலாவுக்காகச் செய்த புகழ்பெற்ற போஸ்டரை வேண்டுமென்றே, வெளிப்படையாக எதிரொலித்த வேலை அது. கண்டனம் எழாமல் இல்லை. ஆனால் அந்தப் போஸ்டரிலேயே மேட்டரின் பெயர் இருந்தது. திருட்டு பெயரை மறைக்கும். மரியாதை பெயரைச் சொல்லும். வாரப் பகிர்வில் படத்தைக் காட்டி, செய்தவர் பெயரை விட்டுவிடும் வழக்கம் இன்று பெருகிவிட்டது. அது மறதிதானே என்று விட்டுவிடக் கூடாது. பெயர் போனால் அந்த வேலையின் வரலாறும் அதனோடு போகிறது.

கடைசியாக, நம் பக்கத்து எடுத்துக்காட்டு ஒன்று. சென்னையைச் சேர்ந்த தாரா பதிப்பகம், இந்தியப் பள்ளிகளில் தொங்கும் சார்ட்டுகளைத் தொகுத்து 2001ஆம் ஆண்டளவில் ஒரு நூலாக்கியது. நல்ல பையன் காலையில் பல் தேய்ப்பான், பெரியோரை வணங்குவான், வரிசையில் நிற்பான் என்று காட்டும் அந்த வண்ணச் சார்ட்டுகள்தான். ஸ்டேஷனரி கடையில் சில ரூபாய்க்கு வாங்கி, பள்ளி முடிந்ததும் தூக்கிப் போடும் தாள். அதை ஒருவர் நின்று பார்த்ததால், சுதந்திர இந்தியா தன் குடிமகன் எப்படி இருக்க வேண்டும் என்று கண்ட கனவின் ஆவணமாக அது ஆகிவிட்டது. நியூயார்க்கில் பஞ்சாங்கத்துக்கு நடந்ததே இங்கே சார்ட்டுக்கும் நடந்தது.

இப்படிப்பட்ட தாள்களுக்கு இந்த மண்ணில் பஞ்சமா? சிவகாசித் தீப்பெட்டிப் படங்களும் பட்டாசு லேபிள்களும் இருக்கின்றன. மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகள் இருக்கின்றன. லாரியின் பின்பக்கத்தில் பெயிண்டர் எழுதிய எழுத்து, பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவரின் புள்ளி எழுத்து, பழைய சினிமா பாட்டுப் புத்தகத்தின் அட்டை, வாசலில் போட்ட கோலத்தின் கணக்கு எல்லாம் இருக்கின்றன. பெயிண்டர் கையில் இருந்த தூரிகையை ஃப்ளெக்ஸ் மெஷின் வாங்கிக்கொண்டுவிட்டது. கையெழுத்துப் பலகைகள் ஆண்டுதோறும் குறைகின்றன. ஆகவே இங்கே சேர்ப்பது யோசனைக்கு மட்டும் உதவும் காரியமல்ல. அழிவதைக் காக்கும் காரியமும் ஆகும்.

எனவே, இந்த அவையில் இருக்கும் ஒவ்வொரு அச்சகத்துக்கும், ஒவ்வொரு டிசைன் நிலையத்துக்கும், ஒவ்வொரு கல்லூரி வகுப்புக்கும் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒருநாளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து பொருட்களை எடுத்துவாருங்கள். அவற்றில் குறைந்தது மூன்று உங்கள் துறைக்கு வெளியே இருந்து வரட்டும். ஒவ்வொன்றுக்கும் செய்தவர் பெயரையும் ஆண்டையும் ஊரையும் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் எந்தத் தெருவில் கிடைத்தது என்றாவது எழுதுங்கள். எழுதியதைப் பூட்டிவைக்காமல் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுங்கள். வரும் வாரமே தொடங்குங்கள்.